கேள்வியோடு ஆலயத்துக்கு வா

பிள்ளை, உன் மனதில் கிடக்கிற அந்தக் கேள்வியை இனியும் மூடி வைக்காதே. ரியூசன் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது சிநேகிதன் கேட்டான். உனக்குப் பதில் வரவில்லை. முகம் சுருங்கி வீட்டுக்கு வந்தாய். அம்மாவிடம் சொன்னால் "அப்பிடியெல்லாம் நினைக்கக் கூடாது" என்பார். ஞாயிறு பாடசாலை ரீச்சரிடம் போனால் "ஜெபம் பண்ணு, சரியாயிடும்" என்பார். ஆகவே நீயே அதை விழுங்கிவிட்டாய். விழுங்காதே! விழுங்கிய கேள்வி செரிப்பதில்லை. உள்ளே கிடந்து புளித்து, இருபது வயது தாண்டியதும் ஒருநாள் "எல்லாம் சும்மா கதை" என்று வாய் வழியே வந்துவிடும். கேள்வி கேட்டதால் ஆலயத்தை விட்டுப் போனவர்களை விட, கேட்க விடாததால் போனவர்கள்தான் அதிகம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

லிங்கநகரில் வளர்கிற கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை. ஒரு பக்கம் உட்துறைமுகம், ஒரு பக்கம் உவர்மலை, பட்டணத்தைத் தாண்டிக் கடல் முனைக்குப் போனால் கோணேசர் கோயில். வகுப்பில் உன் பக்கத்தில் இருப்பவன் சைவப் பிள்ளை. அடுத்த வாங்கில் முஸ்லிம் பிள்ளை. திருகோணமலை மாவட்டத்தில் நூறு பேரை நிறுத்திப் பார்த்தால் கிறிஸ்தவர்கள் ஐந்து பேரளவில்தான் தேறுவோம். நாலு பக்கமும் கேள்வி வரத்தான் செய்யும். "ஒரே கடவுள் என்றால் மூன்று பேர் எப்படி?" என்று ஒருவன் கேட்பான். "செத்தவர் எழும்பினதை நீ கண்டனியா?" என்று இன்னொருவன் கேட்பான். எல்லாரும் கிறிஸ்தவர்களாக இருக்கிற ஊரில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவன் அறுபது வயது வரை தன் விசுவாசத்தைத் தட்டிப் பார்க்காமலே வாழ்ந்து முடிக்கலாம். உன்னால் முடியாது. அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்!

உன் வீட்டுக்குக் கீழே கிடக்கிற துறைமுகத்தைப் பார். உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பேர் பெற்றது. அந்தக் காலத்து மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்துத்தான் உள்ளே வந்தார்கள். ஆழம் பார்த்ததால் எந்தத் துறைமுகமும் ஆழம் குறைந்து போனதில்லை. கிறிஸ்தவ விசுவாசமும் அப்படித்தான். இரண்டாயிரம் வருடமாக அதற்குள் கயிற்றை இறக்கிப் பார்த்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ரோமத் தத்துவ ஞானிகள், ஆறுமுக நாவலர், பாணந்துறையில் மேடையேறிய பிக்கு, எல்லாரும் இறக்கிப் பார்த்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன். கேள்விக்குப் பயந்து அரசாங்கத்தையும் ஆயுதத்தையும் துணைக்குக் கூப்பிட்ட இடமெல்லாம் சபை தோற்றது. வெறுங்கையோடு நின்று கேள்விக்கு முகம் கொடுத்த இடமெல்லாம் நின்றது.

ஆகக் கடினமான கேள்வியிலேயே தொடங்குவோம். நம்முடைய ஊரின் கேள்வி அது. "உங்கட ஆக்கள்தானே கோணேசர் கோயில உடைச்சது?"

ஓம் என்று சொல். குரலைத் தாழ்த்தாமல், கண்ணைத் திருப்பாமல், ஓம் என்று சொல். 1620களின் தொடக்கத்தில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில், சுவாமி மலையின் மேல் இருந்த கோணேஸ்வரத்தை இடித்தார்கள். அந்தக் கற்களை எடுத்தே கோட்டையையும் கட்டினார்கள். நம்பாவிட்டால் பிரட்ரிக் கோட்டை வாசலுக்குப் போ. மான்கள் மேய்கிற அந்த வழியால் எத்தனையோ தரம் உள்ளே போயிருப்பாய். இந்த முறை வாசலிலேயே நின்று சுவரைப் பார். தமிழ் எழுத்து வெட்டிய கல் ஒன்று கோட்டைக் கல்லாக நிற்கிறது. பாண்டியரின் இரட்டைக் கயலும் அங்கே செதுக்கி இருக்கிறது. யாருடைய கோயிலிலோ நின்ற கல், சிலுவையைக் கொடியில் போட்டவர்களின் பீரங்கிக்கு மறைப்பாகிப் போனது. கிறிஸ்தவப் பிள்ளையே, அந்தக் கல்லைத் தொட்டுப் பார். அதைப் பார்த்து வெட்கப்படத் தெரியாதவன் இயேசுவைப் பற்றி யாருக்கும் சொல்லப் போக வேண்டாம்.

"அது போர்த்துக்கேயன் செய்தது, எங்களுக்கு என்ன" என்று நழுவாதே. "அந்தக் காலத்தில் எல்லாரும்தான் இடித்தார்கள்" என்று சமாளிக்காதே. அது பாவம். இயேசுவின் பெயரைச் சொல்லிச் செய்த பாவம் என்பதால் இரட்டைப் பாவம். அந்தப் பெயருக்குரியவர் தன்னைப் பிடிக்க வந்த இரவில் வாளை உருவிய பேதுருவை உறைக்குள் போடச் சொன்னவர். வெட்டுப்பட்டவனின் காதைத் தொட்டுச் சுகமாக்கியவர். ஆகவே கோணேஸ்வரத்தை இடித்தவனை யார் முன்னால் நிறுத்தித் தீர்ப்புச் சொல்வது என்று கேட்டால், இயேசுவுக்கு முன்னால்தான் முதலில் நிறுத்த வேண்டும். உன் சிநேகிதனின் கேள்வி சபையின் கன்னத்தில் அறைகிறது, சரிதான். இயேசுவை அது தொடவே இல்லை. அவர் கேள்வி கேட்கிறவனின் பக்கத்தில் நிற்கிறார்.

இடித்தவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது? 1639இல் ஒல்லாந்தர் வந்து கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், சீர்திருத்த சபை. கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், பூசைக்குத் தடை போட்டார்கள். தங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பேரைப் பாடசாலைத் தோம்பில் எழுதினார்கள். தோம்பில் பேர் இருந்தால்தான் உத்தியோகம், கலியாணப் பதிவு, காணி உரித்து என்று பல இடங்களில் ஆனது. பேர்கள் ஆயிரம் ஆயிரமாக ஏறின. 1795-96இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கட்டாயம் போனது. அந்த ஆயிரம் ஆயிரம் பேரும் எங்கே? சில வருடங்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய வழிபாட்டுக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விசுவாசத்தை யாரும் அவர்களிடம் கொடுக்கவே இல்லை, பதிவேட்டில் ஒரு வரியைத்தான் கொடுத்தார்கள்.

அதே ஒல்லாந்தர் காலத்தில் இன்னொரு மனிதர் வந்தார். கோவாக்காரர், யோசேவாஸ் அடிகளார். 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். கையில் துப்பாக்கி இல்லை, பின்னால் கப்பல் இல்லை, அரசாங்கம் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. கண்டிக்குப் போனார், ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். பிறகு அந்தப் பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்கு இடம் கொடுத்தான். கிறிஸ்தவ அரசு துரத்திய குருவுக்குப் பௌத்த அரசு அடைக்கலம் கொடுத்தது, இதையும் நாம் மறக்கக் கூடாது. கண்டியில் பெரியம்மை பரவி, சொந்தக்காரர்களே நோயாளியைக் கைவிட்டு ஓடிய நேரம், அந்த மனிதர் நோயாளிகளின் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். 1711இல் இறந்தார். 2015 சனவரி 14ஆம் தேதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கோட்டை கட்டிய விசுவாசம் போய்விட்டது. பிச்சைக்காரர் வேடத்தில் வந்த விசுவாசம்தான் இன்றைக்கும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் காலைப் பூசைக்கு மணி அடிக்கிறது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதை இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் செல்சுஸ் என்று ஒரு தத்துவ ஞானி இருந்தார். கிறிஸ்தவத்தை எதிர்த்து ஒரு முழு நூல் எழுதினார். சாதாரண எதிர்ப்பு இல்லை. கன்னி மரியாளைப் பற்றி, அற்புதங்களைப் பற்றி, உயிர்த்தெழுதலைப் பற்றி இன்றைக்கு யூடியூப்பில் கேட்கிற கேள்விகளில் பாதியை அவர் அன்றைக்கே கேட்டுவிட்டார். வெறி பிடித்த ஒரு பெண்ணின் பேச்சை நம்பி ஏமாந்தீர்களே என்று மகதலேனா மரியாளைக் குறித்துக் கேலியும் செய்தார். அந்த நூல் இன்று தனியாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் அதில் பெரும்பகுதி நமக்குத் தெரியும். எப்படித் தெரியும்? அலெக்சாந்திரியாவின் ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர், மூன்றாம் நூற்றாண்டின் நடுவில், அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தார். செல்சுஸின் வாதங்களை அவருடைய சொற்களிலேயே எடுத்துப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் சொன்னார். எட்டுப் புத்தகம். எதிரியின் கேள்வியைக் காப்பாற்றித் தந்தது ஒரு விசுவாசியின் பேனா! அந்த நாளில் சபையின் கையில் ஆட்சி இல்லை. ஒரிகனே பின்னர் விசுவாசத்துக்காகச் சிறையில் சித்திரவதைப்பட்டவர்.

இருநூறு வருடம் கழித்து என்ன நடந்தது என்றும் கேள். போர்பிரி என்ற இன்னொரு ஞானி கிறிஸ்தவர்களுக்கு எதிராக எழுதியிருந்தார். அதற்குள் பேரரசரே கிறிஸ்தவர். 448இல் அந்த நூல்களை எரிக்கச் சொல்லி ஆணை பிறந்தது. எரித்தார்கள். எரித்ததால் ஒரு வாதமாவது தோற்றதா? கிறிஸ்தவர்களுக்குப் பதில் தெரியாமல் போனது என்ற பேச்சுத்தான் மிஞ்சியது. ஒரிகன் பதில் எழுதினார், பேரரசர் நெருப்பு வைத்தார். நீ யாருடைய பிள்ளை என்று தீர்மானித்துக்கொள்.

இப்போது வேதப் புத்தகத்தையே திற. கேள்வி கேட்காதே என்று சொல்லி வளர்த்தவர்கள் அதை ஒழுங்காக வாசித்தார்களா என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு. யோபு தன் பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்து கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் கடவுளுக்காக அழகாக வக்காலத்து வாங்குகிறார்கள். முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது நண்பர்கள் மேல். கேள்வி கேட்ட யோபு சரியாகப் பேசினார் என்றுதான் தீர்ப்பு. சங்கீதப் புத்தகத்தில் பெருந்தொகையான பாட்டுகள் முறைப்பாடுகள். ஆபகூக் தீர்க்கதரிசி அநியாயத்தைப் பார்த்து "எத்தனை காலம்?" என்று குரல் வைக்கிறான். இயேசுவுக்கு யோர்தானில் ஞானஸ்நானம் கொடுத்த யோவானே, சிறையில் கிடந்தபோது, வர இருந்தவர் நீர்தானா என்று ஆள் அனுப்பிக் கேட்டான். இயேசு கோபிக்கவில்லை. நடக்கிறதைக் கண்டும் கேட்டும் போய்ச் சொல்லுங்கள் என்று சான்றைக் காட்டினார். அதோடு நிற்காமல், அந்தக் கேள்வி கேட்டவனைக் கூட்டத்துக்கு முன்னால் புகழ்ந்தும் பேசினார்.

தோமாவை எடு. மற்றப் பத்துப் பேரும் "ஆண்டவரைக் கண்டோம்" என்று சொன்னபோது, ஆணி பாய்ந்த காயத்தில் விரலை வைத்துப் பார்த்தால் ஒழிய நம்ப மாட்டேன் என்றார். யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசி. அவருடைய கேள்விக்காகப் பத்துப் பேரும் அவரை வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்து அவரும் அவர்களோடு அதே அறையில் இருக்கிறார். கேள்வியோடு கூட்டத்துக்குள் இருந்தார், அதுதான் முக்கியம். இயேசு வந்ததும் நேரே தோமாவிடம் போய்க் கையை நீட்டுகிறார். காயத்தை மறைக்கவில்லை. நான்கு நற்செய்திகளிலும் இயேசுவை நோக்கி மனிதர் செய்த அறிக்கைகளில் உயர்ந்தது அன்றைக்குத் தோமாவின் வாயிலிருந்துதான் வந்தது. நம்பாதவன் என்று நாம் பட்டம் சூட்டிய அந்த மனிதர்தான் இந்தியக் கரைக்கு வந்தார், சென்னை மயிலாப்பூரில் உயிரைக் கொடுத்தார் என்பது தென்னிந்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மரபு. மரபு என்றே சொல்கிறேன், கல்வெட்டுச் சான்று என்று சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்த்து நம்பிய மனிதனைத் தமிழ்க் கிறிஸ்தவம் தன் தகப்பனாகச் சொல்லி வருகிறது. அந்தத் தகப்பனின் பிள்ளை கேட்கப் பயப்படலாமா?

"சரி, உயிர்த்தெழுந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?" கேட்கட்டும். நன்றாகக் கேட்கட்டும். பிலாத்துவின் ஆட்சியில் இயேசு கொல்லப்பட்டார் என்பதை நற்செய்திகள் மட்டும் சொல்லவில்லை. ஏறத்தாழ 116இல் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் சொல்கிறார். அவருக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. முதல் நூற்றாண்டின் முடிவில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸ், கிறிஸ்து என்று சொல்லப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு கொல்லப்பட்டதைக் குறிக்கிறார். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம் 55ஐ ஒட்டியது, சிலுவைக்கு இருபது இருபத்தைந்து வருடத்துக்குள். அதில் பதினைந்தாம் அதிகாரத்தில், தான் மற்றவர்களிடம் பெற்றுக்கொண்ட செய்தி என்று சொல்லிச் சாட்சிகளை வரிசைப்படுத்துகிறார். பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள், யாக்கோபு. அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். போய்க் கேட்டுப் பார் என்கிற தைரியம் அது! கதை கட்டுகிறவன் சாட்சிகளை இறந்தவர்களாகவே வைத்துக்கொள்வான்.

இன்னொன்று. வெறும் கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு நற்செய்திகளும் எழுதுகின்றன. பெண்ணின் சாட்சியம் அந்தச் சமூகத்தில் மன்றில் மதிப்புப் பெறாத காலம். செல்சுஸ் கேலி செய்ததும் அதைத்தான். யாரோ உட்கார்ந்து கதை புனைந்திருந்தால் பேதுருவையும் யோவானையும்தான் முதலில் நிறுத்தியிருப்பார்கள். நடந்தபடியே எழுதினார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தலைவர் பேதுரு மூன்று தரம் மறுதலித்ததையும், சீடர்கள் ஓடியதையும் எழுதி வைத்துச் சபையில் வாசித்தார்கள். தன் அவமானத்தை மறைக்காத சாட்சியை எந்த நீதிபதியும் கவனித்துக் கேட்பார்.

இதெல்லாம் கேத்திரகணிதத் தேற்றம்போல நிறுவிக் காட்டுகிற விடயம் என்று நான் சொல்லவில்லை. இறந்தவர் எழுந்தார் என்பதில் வரலாற்றுப் பாடம் உன் கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே கால் வைப்பது உன் முடிவு. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கச் சொல்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அவர் வாசல் வரைக்கும்கூட வரவில்லை என்று அர்த்தம்.

வேதம் மாற்றப்பட்டுவிட்டது என்று முஸ்லிம் நண்பன் சொல்வானா? அவனோடு இருந்து பார். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கக் கையெழுத்துப் படிகள் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. யோவான் நற்செய்தியின் ஒரு துண்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற பப்பிரசு, மான்செஸ்டர் நூலகத்தில் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்களின் பொதுவான கணிப்பு. படிகளுக்குள் வேறுபாடுகள் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் பெரும் படிகள் இரண்டிலும் இல்லை. இன்றைய மொழிபெயர்ப்புகள் பல அதை அடைப்புக்குறியிலோ அடிக்குறிப்பிலோ வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் பலர் எதிரிகள் இல்லை. சீனாய் மடத்துப் படியை உலகத்துக்குக் கொண்டுவந்த திஷன்டோர்ப் உறுதியான விசுவாசி. சொந்தப் புத்தகத்தைத் தானே வரிக்கு வரி சோதித்து, சந்தேகமான இடத்தில் குறி போட்டு, அதை அச்சடித்துப் பிள்ளைகளின் கையில் கொடுக்கிற சமூகத்துக்கு மறைக்க என்ன இருக்கிறது?

நம் நாட்டில் நாம் தோற்ற இடங்களையும் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர். கடைசி வரை சைவராகவே இருந்தார். வேதத்தை அவர் அளவுக்கு ஊன்றிப் படித்த கிறிஸ்தவர்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1854இல் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டபோது, நீங்கள் பழிக்கிற தூபமும் தீபமும் அபிஷேகமும் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கின்றனவே என்று வசனத்தோடு எடுத்து வைத்தார். அடுத்தவன் வழிபாட்டைப் பழித்து மதம் பரப்பப் போனவர்களுக்கு அவர் கொடுத்த பாடம் அது. நியாயமான அடி. 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் மெதடிஸ்த போதகர் டேவிட் டி சில்வாவும் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் இரண்டு நாள் வாதாடினார்கள். சனம் யார் பக்கம் ஆரவாரித்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆட்சியும் பாடசாலையும் அச்சகமும் பெரும்பாலும் நம் பக்கம் இருந்த காலம் அது. எதிரே இருந்தவரை மதித்துக் கேட்கப் பழகாமல் மேடையேறினோம். நாவலரை வெறுக்காதே பிள்ளை, அவரை வாசி. உன் விசுவாசத்தின் மேல் படிந்த ஆங்கிலத் துரைத்தனத்தைக் கழுவிவிட அவரைவிட நல்ல ஆசிரியர் உனக்குக் கிடைக்க மாட்டார்.

விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும். பிரபஞ்சம் விரிவடைகிறது, ஒரு தொடக்கப் புள்ளி இருந்திருக்க வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர்களில் முன்னிற்பவர் ஜோர்ஜ் லெமேத்ர். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைக்கு மெண்டலைத் தெரியாமல் இருக்காது. அவர் துறவி. ஆய்வுகூடத்துக்குப் போகும்போது விசுவாசத்தை வாசலில் கழற்றி வைக்கத் தேவையில்லை.

இனிக் கடைசிக் கேள்வி. அதற்கு நான் அவசரப்பட மாட்டேன். "கடவுள் இருந்தால் ஏன்?"

திருகோணமலைக்காரனுக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. சனம் ஆலயத்தில் இருந்த நேரம் கடல் வந்தது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு போனது. 2006 சனவரி 2ஆம் தேதி மாலை, நம் பட்டணத்துக் கடற்கரையில் காற்று வாங்கப் போன ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற சிறுவர்கள். கொச்சிக்கடையில், கட்டுவாப்பிட்டியில் பூசையில் முழங்காலில் நின்றவர்கள். குண்டுகள் அவர்களைக் கொண்டு போயின. உயிர்த்தெழுதலைக் கொண்டாடிய காலையிலேயே சவப்பெட்டி செய்ய வேண்டி வந்தது.

இதற்கு யாராவது உடனே பதில் சொன்னால் நம்பாதே. "தேவ சித்தம்", "நல்லவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்" என்று செத்த வீட்டில் நின்று சொல்கிறவர்கள் யோபுவின் நண்பர்கள். வேதத்தில் இந்தக் கேள்விக்கு விளக்கவுரை இல்லை. நான் நேர்மையாகச் சொல்கிறேன், இல்லை. இருப்பது ஒரு சிலுவை. அதில் தொங்கியவரே தன் பிதாவை நோக்கி ஏன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்த நேரத்தில் வானத்திலிருந்து பதில் வரவில்லை என்பதையும் நற்செய்தி மறைக்காமல் எழுதியிருக்கிறது. கடவுளே மனிதனாகி ஏன் என்று கேட்ட விசுவாசம் இது. சீயோனில் பிள்ளையைக் கொடுத்த தாய் ஏன் என்று கேட்கும்போது, கேட்கக் கூடாது என்று அவளைத் தடுக்க எந்தக் குருவுக்கும் அதிகாரம் இல்லை. அவள் பக்கத்தில் போய் உட்காருவதுதான் குருவின் வேலை.

அப்படி உட்கார்ந்தவர்களை நம் மாகாணம் கண்டிருக்கிறது. யூஜின் ஹெபேர்ட் அடிகளார் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரிப் பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். யுத்தம் மூண்டதும் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1990 ஆகஸ்ட் 15ஆம் தேதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ் இளைஞனோடு ஸ்கூட்டரில் புறப்பட்டார். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. இன்று வரை இல்லை. கடவுள் எங்கே என்று கேட்கிறாயா, அந்தத் தெருவிலும் தேடு.

கேள்வியைத் தாங்காத கிறிஸ்தவமும் நம்மிடையே உண்டு, அதையும் சொல்லாமல் விட மாட்டேன். காணிக்கை போட்டால் காணி வரும், விசா வரும் என்று மைக்கில் கத்துகிற கிறிஸ்தவம் ஒரு கேள்விக்கும் தாங்காது. இன்சுலினை நிறுத்து, விசுவாசம் போதும் என்று நோயாளியிடம் சொல்கிற கிறிஸ்தவம் தாங்காது. பக்கத்து வீட்டுச் சாமியைப் பேய் என்கிற கிறிஸ்தவம் தாங்கவே தாங்காது. பந்தியில் சாதி பார்த்து, திருவிருந்தில் ஒரே கிண்ணம் என்று பாடுகிற கிறிஸ்தவத்துக்கு முதல் கேள்வியிலேயே முதுகெலும்பு முறியும். முறியட்டும்! அதைக் காப்பாற்ற உன் நேரத்தைச் செலவழிக்காதே. இயேசு ஆலயத்தில் கவிழ்த்த மேசைகள் அவை.

சுவாமிமாரே, போதகர்மாரே, ஞாயிறு பாடசாலை ரீச்சர்மாரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளை கேள்வியோடு வந்தால் அது உங்களை நம்பி வந்திருக்கிறது. உங்களை நம்பாத பிள்ளை இரவு போர்வைக்குள் போனில் தேடும். "தெரியாது, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் ஒருதரம் சொன்னால் உங்கள் மதிப்பு அந்தப் பிள்ளையிடம் இரண்டு மடங்காகும். வாலிபர் கூட்டத்தில் பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள். மாதத்தில் ஒரு கூட்டத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்குங்கள். பேர் எழுதாமல் துண்டில் கேட்க விடுங்கள். கோணேஸ்வரம் வரும், வரட்டும். மறுபிறப்பு வரும், திரித்துவம் வரும், பெண்கள் ஏன் பீடத்தில் நிற்கக் கூடாது என்று வரும். சபையில் பெரியவர் ஒருவர் பிள்ளையை அடித்த கதையும் வரலாம். அதற்குக் கட்டாயம் பதில் சொல்லுங்கள், பொலிசுக்குப் போக வேண்டியது என்றால் போங்கள்.

பிள்ளை, நீ தொடங்க வேண்டிய இடம் மாற்கு நற்செய்தி. நான்கிலும் சின்னது, பதினாறு அதிகாரம், ஒரு போயா விடுமுறை நாளின் பின்னேரத்தில் ஒரே இருப்பில் வாசித்து முடிக்கலாம். பென்சிலை எடுத்துக்கொள். புரியாத இடத்தில் கேள்விக்குறி போடு, கோபம் வந்த இடத்தில் கோடு போடு. சைவச் சிநேகிதனையும் முஸ்லிம் சிநேகிதியையும் வாசிக்கச் சொல், அவர்கள் போடுகிற கேள்விக்குறி உனக்குத் தெரியாத இடத்தில் விழும். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுது. ஞாயிறு பூசையோ ஆராதனையோ முடிந்து எல்லாரும் வெளியே வந்த பிறகு, கொப்பியைத் திறந்தபடி உன் சுவாமியிடம், உன் போதகரிடம் போ. முதல் கேள்வியைச் சத்தமாக வாசி. அவர் நேரமில்லை, அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றால் அடுத்த ஞாயிறும் அதே கொப்பியோடு போய் நில்.